நான்கு புள்ளிகள்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கோர்கி என்ற பகுதியில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் நார்த் பிரிட்டிஷ் விஸ்கி ஆலையில் தானியம் வேகும் வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். நெல் அவிக்கும் களத்துப் பக்கம் வளர்ந்தவனுக்கு அது பழகிய வாசனைதான். சனிக்கிழமை மதியங்களில் அதோடு டைன்காசில் மைதானத்தின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். கோல் விழுந்ததா, கம்பத்தில் பட்டுத் திரும்பியதா என்பதை டிவி பார்க்காமலே சத்தத்தை வைத்துச் சொல்ல ஒரே குளிர்காலத்தில் கற்றுக்கொண்டேன். அந்த மைதானம் ஹார்ட்ஸ் கால்பந்துக் கிளப்புடையது. முழுப்பெயர் ஹார்ட் ஆஃப் மிட்லோதியன், அதாவது எடின்பரோவைச் சுற்றிய வட்டாரமான மிட்லோதியனின் இதயம். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அங்கிருந்து நகரின் மையத்தைப் பார்த்து நடந்தால் ஹேமார்க்கெட் வரும். ரயில் நிலையம், டிராம், பேருந்து எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சந்திப்பு. அங்கே ஒரு கல் மணிக்கூண்டு நிற்கிறது. டிராம் எத்தனை நிமிடம் தாமதம் என்று பார்ப்பதற்கு மட்டுமே நான் அதைப் பல மாதம் பயன்படுத்தி வந்தேன். ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கூண்டைச் சுற்றி நல்ல கூட்டம். சட்டையில் போரில் இறந்தவர்கள் நினைவாகக் குத்திக்கொள்ளும் சிவப்பு பாப்பிப் பூ, கழுத்தில் மெரூன் நிற ஸ்கார்ஃப், கைகளில் மலர்வளையம். என்னவென்று தெரியாமலே நானும் நின்றேன். முதல் உலகப் போரில் இறந்த ஹார்ட்ஸ் ஆட்டக்காரர்களுக்கும் ரசிகர்களுக்கும் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு நிமிட மௌனம் முடிந்து கூட்டம் கலையத் தொடங்கியபோது, பக்கத்தில் நின்ற பெரியவர் என் பக்கம் திரும்பினார். எழுபது வயது இருக்கும். அங்கே வயதானவர்கள் முன்பின் தெரியாத இளைஞனையும் "சன்" என்றுதான் கூப்பிடுவார்கள், நம்மூரில் "தம்பி" என்பது மாதிரி. "அந்த வருஷம் லீக் எங்களோடது, சன். நாலே நாலு புள்ளியில போச்சு" என்றார். சொல்லிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. செத்துப்போன பையன்களுக்கு மலர் வைத்துவிட்டுத் திரும்புகிற மனிதர் முதலில் பேசுவது கோப்பையைப் பற்றியா? நூறு வருடத்துக்கு முன்னால் நழுவிய லீக்கை இன்னும் கணக்கு வைத்துக்கொண்டிருப்பது என்ன துக்கம்? வீட்டுக்கு வந்தும் அந்த வாக்கியம் செருப்புக்குள் விழுந்த சிறு கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் தவறாகப் பேசினார் என்று நிரூபிக்கத்தான் 1914ஆம் வருடத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

வெள்ளை இறகு

1914 ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது. பதினோரு நாள் கழித்து, 15ஆம் தேதி, டைன்காசிலில் புதிய லீக் பருவத்தின் முதல் ஆட்டம். எதிரணி கிளாஸ்கோவின் செல்டிக், நடப்புச் சாம்பியன். ஹார்ட்ஸ் 2-0 என்று ஜெயித்தது. அதிலிருந்து தொடர்ந்து எட்டு லீக் ஆட்டங்கள் வெற்றி. அவர்கள் கடைசியாக லீக்கை வென்றது 1897இல். மேலாளர் ஜான் மெக்கார்ட்னி பார்த்துப் பார்த்துச் சேர்த்த இளைஞர்கள் இவர்கள். அந்த வருடத் தொடக்கத்தில்தான் பெர்சி டாசன் என்ற கோல் அடிப்பவரை 2,500 பவுண்டுக்கு இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கு விற்றிருந்தார்கள். அந்தக் காலத்தில் பிரிட்டனிலேயே ஒரு ஆட்டக்காரருக்குக் கொடுக்கப்பட்ட அதிகபட்சத் தொகை. அவர் போன பிறகும் அணி தளரவில்லை. டாம் கிரேசி வந்தார், கோல்களாகக் குவித்தார். உள்ளூர்ப் பையன் ஹாரி வாட்டி அவருக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தார். கில்வின்னிங்கிலிருந்து வந்த டங்கன் கரியும் அழகன் என்று பெயரெடுத்த பேடி கிராசனும் பின்வரிசையைக் காத்தார்கள்.

அதே வாரங்களில் ஊரெங்கும் ஆள்சேர்ப்புச் சுவரொட்டிகள். கட்டாய ராணுவச் சேவை 1916இல்தான் வந்தது, 1914இல் போவதும் போகாததும் அவரவர் விருப்பம் என்பதுதான் சட்டம். சட்டம் அப்படி இருந்தது, தெரு அப்படி இல்லை. ராணுவ உடை அணியாத இளைஞனைக் கண்டால் பெண்கள் அவன் கையில் ஒரு வெள்ளை இறகைக் கொடுப்பார்கள். கோழை என்று பொருள். ரக்பி ஆடிய கனவான்கள் ஆட்டங்களை நிறுத்திவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தபோது பத்திரிகைகள் பாராட்டின. கால்பந்து நிற்கவில்லை, ஏனென்றால் அது சம்பளத்துக்கு ஆடுகிற ஆட்டம். அங்கே ஆடியவர்கள் சுரங்கத்திலிருந்தும் பட்டறையிலிருந்தும் வந்தவர்கள், ஆட்டம் நின்றால் அடுப்பு எரியாது. இந்த வித்தியாசத்தை அன்றைக்கு எழுதிய பெரிய மனிதர்களில் அதிகம் பேர் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஹார்ட்ஸ் நன்றாக ஆட ஆட, அவர்கள் மேல்தான் கண் அதிகம் விழுந்தது. தோற்கிற அணியை யாரும் கோழை என்று திட்டப் போவதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓடி, மோதி, ஜெயித்துக் காட்டுகிற உடம்புகளைத்தான் போர்முனைக்கு ஏன் அனுப்பக் கூடாது என்று கேட்கத் தோன்றும்.

நவம்பர் 16ஆம் தேதி எடின்பரோ ஈவினிங் நியூஸில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை, "ஒரு போர்வீரனின் மகள்" என்று மட்டும் கையெழுத்து. ஹார்ட்ஸ் அணி ஆடிக்கொண்டே இருக்கப் போவதென்றால், பெயரை "மிட்லோதியனின் வெள்ளை இறகுகள்" என்று மாற்றிக்கொள்ளட்டும் என்று அவர் எழுதியிருந்தார். ஊர் தன் இதயம் என்று அழைத்த பெயரிலேயே குத்தினார்.

இந்தக் கடிதத்தில் நான் பல நாள் மாட்டிக்கொண்டு நின்றேன். முதலில் அந்தப் பெண்மேல் கோபம்தான் வந்தது. பிறகு அவர் பக்கத்தையும் யோசித்தேன். அவருடைய தகப்பன் அப்போது எங்கே இருந்தார்? பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்த வாரங்கள் அவை. வாசலில் தந்திக்காரன் சைக்கிள் நிற்குமோ என்று பயந்தபடி இருக்கிற வீட்டின் ஜன்னல் வழியே சனிக்கிழமை ஆரவாரம் கேட்டால் எப்படி இருக்கும்? அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கடிதத்தின் அடியில் இன்னொரு எண்ணம் இருக்கிறது, அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்டம் என்பது வெட்டி வேலை, அதை விட்டுவிட்டு வருகிறவன் எதையும் இழக்கவில்லை என்ற எண்ணம். "ஆட்டம் சோறு போடுமா" என்று எங்கள் வீட்டில் என் சித்தப்பாவிடம் கேட்டுக் கேட்டே அவருடைய பூட்ஸைப் பரணில் ஏற்றினார்கள். அவருக்கோ கடைசி வரைக்கும் அந்தப் பரணைப் பார்க்காமல் அந்த அறையைக் கடக்க முடிந்ததில்லை.

எடின்பரோவில் அப்போது ஜார்ஜ் மெக்ரே என்று ஒருவர் இருந்தார். துணி வியாபாரத்தில் மேலே வந்தவர், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், வயது 54. ஒரு புதிய பட்டாளம் திரட்டப் போவதாகவும், அதைத் தானே போர்முனைக்கு நடத்திச் செல்லப் போவதாகவும் அறிவித்தார். மற்றவர்கள் போ என்றார்கள், இவர் வா என்றார். கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. நவம்பர் 25 அன்று ஹார்ட்ஸ் ஆட்டக்காரர்கள் பதினோரு பேர் மெக்ரேயின் பட்டாளத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மருத்துவப் பரிசோதனையில் தேறாமல் சிலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இரண்டொரு நாளில் கிராசனும் ஜிம்மி பாய்டும் சேர்ந்துகொண்டார்கள். ஜேம்ஸ் ஸ்பீடி அதற்கு முன்பே கேமரன் ஹைலாண்டர்ஸ் படையில் சேர்ந்திருந்தார். லீக்கின் உச்சியில் இருக்கிற ஒரு அணி கூட்டமாகப் பட்டாளத்துக்குப் போவது அதுவரை பிரிட்டனில் நடந்திராத காரியம். லண்டனில் ஃபுட்பாலர்ஸ் பட்டாளம் உருவானது இதற்கு மூன்று வாரம் கழித்துத்தான்.

27ஆம் தேதி அஷர் ஹாலில் பெரிய கூட்டம். ஆபத்தில் உங்கள் பக்கத்தில் நானும் நிற்காமல் உங்களை வரச் சொல்ல என்னால் முடியாது என்ற பொருளில் மெக்ரே பேசினார். ஆட்டக்காரர்கள் போனதும் ரசிகர்கள் பின்னாலேயே போனார்கள். ஹார்ட்ஸின் பரம எதிரியான ஹிப்ஸின் ரசிகர்களும் போனார்கள். ரெய்த் ரோவர்ஸ், ஃபால்கர்க், டன்ஃபர்ம்லின் என்று சுற்றுவட்டார அணிகளின் ஆட்டக்காரர்களும் வந்தார்கள். ஆயிரம் பேருக்குமேல் கொண்ட ராயல் ஸ்காட்ஸின் 16ஆம் பட்டாளம் இரண்டு வாரம் முடிவதற்குள் நிரம்பிவிட்டது. சனிக்கிழமை மதியம் படிக்கட்டில் நின்று கத்தியவனும், அவன் யார் பெயரைச் சொல்லிக் கத்தினானோ அவனும் ஒரே வரிசையில் பூட்ஸ் வாங்க நின்றார்கள்.

அவர்கள் விரும்பிப் போனார்களா, வெட்கப்பட்டுப் போனார்களா? நான் நண்பர்களிடம் இதை விவாதித்திருக்கிறேன். வெட்கம்தான் தள்ளியது என்று முதலில் உறுதியாகச் சொன்னேன். இப்போது அவ்வளவு உறுதி இல்லை. அந்தப் பதினோரு பேரில் ஒருவன் பயந்திருக்கலாம், இன்னொருவன் நிஜமாகவே நாட்டுக்காகத் துடித்திருக்கலாம், மூன்றாமவன் மற்ற இருவரும் போகிறார்களே என்று போயிருக்கலாம். பக்கத்தில் ஆடுகிறவனைத் தனியே விட்டுவிட்டு நிற்கக் கூடாது என்றுதான் அணி ஆட்டம் ஒருவனுக்கு வருடக் கணக்கில் பழக்குகிறது. அந்தப் பழக்கத்தை மெக்ரே புரிந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர் என்றுதான் அவரை நினைக்கிறேன், சொன்ன சொல்லைக் காப்பாற்றி அகழிக்குள் அவரும் நின்றார். ஆனாலும் அந்தப் பழக்கத்தை எடுத்து எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

மெரூனும் காக்கியும்

பருவத்தை முடித்துக் கொடுக்க ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இருந்தது. அதனால் 1915இன் முதல் மாதங்களில் அவர்கள் இரண்டு வாழ்க்கை வாழ்ந்தார்கள். வாரம் முழுக்கக் கவாத்து, எடின்பரோவுக்குத் தெற்கே பென்ட்லண்ட் மலைகளில் இரவெல்லாம் மூட்டை சுமந்து நடை, சனிக்கிழமை மதியம் லீக் ஆட்டம். நான் அந்த மலைகளில் மார்ச் மாதத்தில் பகலில் நடந்திருக்கிறேன். காற்று காதைப் பிய்க்கும், சேற்றில் கால் புதையும். அதை இரவில் செய்துவிட்டு மறுநாள் 90 நிமிடம் ஓடுவது என்னவென்று என் முழங்காலுக்குத் தெரியும். தடுப்பூசி போட்டுக்கொண்டதில் பலருக்குக் காய்ச்சல். காலில் கொப்புளம். அப்படியும் பருவத்தின் பெரும்பகுதி முதலிடத்தை விடவில்லை. கடைசிக் கட்டத்தில்தான் உடம்பு ஒத்துழைக்க மறுத்தது. மார்ட்டனிடம் தோற்றார்கள், செயின்ட் மிரனிடம் தோற்றார்கள். வெற்றிக்கு இரண்டு புள்ளி என்பது அன்றைய கணக்கு. செல்டிக் 65, ஹார்ட்ஸ் 61.

டாம் கிரேசி அந்தப் பருவத்தில் லீக்கில் 29 கோல் அடித்தார். அதற்கு மேல் அடித்தவர் யாரும் இல்லை. அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்பது மார்ச் மாதமே தெரிந்துவிட்டது. மேலாளர் மெக்கார்ட்னியிடம் மட்டும் சொன்னார். ஆடுவதை நிறுத்தவில்லை, கவாத்தையும் நிறுத்தவில்லை. அக்டோபரில் கிளாஸ்கோ மருத்துவமனை ஒன்றில் இறந்தார். இந்த ஒரு தகவலைப் படித்த இரவு நான் மேற்கொண்டு எதையும் படிக்கவில்லை.

பருவம் முடிந்தபோது அதே ஈவினிங் நியூஸ் எழுதியது: ஸ்காட்லாந்தில் கால்பந்துச் சாம்பியன் ஒன்றே ஒன்றுதான், அதன் நிறம் மெரூனும் காக்கியும். மெரூன் ஹார்ட்ஸின் சட்டை நிறம், காக்கி பட்டாளத்து நிறம். வெள்ளை இறகுக் கடிதம் வெளியாகி ஐந்தே மாதம் ஆகியிருந்தது. செல்டிக் மேல் பழி போடவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த அணியில் முன்பு இருந்த வில்லி ஆங்கஸ், அந்த ஜூன் மாதமே, காயம்பட்ட ஒரு அதிகாரியைக் குண்டு மழையில் மீட்டு, ஒரு கண்ணை இழந்து, பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றார். செல்டிக்கின் பீட்டர் ஜான்ஸ்டோன் 1917இல் அராஸில் இறந்தார். ஜெயித்தவர்கள் வீட்டிலும் தந்திக்காரன் வந்தான்.

கான்டல்மேசன்

1916 ஜனவரியில் பட்டாளம் பிரான்சுக்குப் போனது. ஜூலை 1 அன்று காலை 7.30க்கு சோம் போர்முனையில் அகழிகளிலிருந்து மேலே ஏறினார்கள். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 19,240 பேர். மெக்ரேயின் பட்டாளம் லா புவாசெல் கிராமத்துப் பக்கத்துச் சரிவில் இயந்திரத் துப்பாக்கிகளை நேருக்கு நேர் பார்த்து நடந்தது. அதிலும் ஒரு சிறு கூட்டம் எதிரியின் வரிசைகளைத் தாண்டி கான்டல்மேசன் கிராமம் வரை போய்விட்டது. அன்றைக்கு பிரிட்டிஷ் படையில் மிக ஆழமாக உள்ளே போனவர்களில் அவர்களும் சேர்த்தி. போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. பட்டாளத்தில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். ஹாரி வாட்டி, டங்கன் கரி, நாரிச்காரர் எர்னி எல்லிஸ் மூவரும் அதே காலையில் போனார்கள். தனிக் கல்லறை இல்லை. தியெப்வால் நினைவு வளைவில் செதுக்கிய பெயர்களாக இருக்கிறார்கள்.

ஆகஸ்டில் பாய்ட். முந்தைய வருடமே லூஸ் போரில் ஸ்பீடி. 1917இல் ஜான் ஆலன். கிரேசியையும் சேர்த்து ஏழு பேர். திரும்பி வந்தவர்களின் கதையையும் சேர்க்காமல் கணக்கை முடிக்க முடியாது. ஆல்ஃபி பிரிக்ஸ் உடம்பில் குண்டுகளோடு வந்தார், மறுபடி ஆடவே இல்லை. பாப் மெர்சர் வேறொரு படையில் இருந்து விஷவாயுவை மூச்சிழுத்து வந்தவர். 1926இல் செல்கர்க்கில் ஒரு நட்பு ஆட்டத்தில் மைதானத்திலேயே சரிந்து இறந்தார். கிராசனின் காலை வெட்டியெடுக்க வேண்டும் என்றிருந்தார்கள். கைதியாக இருந்த ஒரு ஜெர்மன் மருத்துவர் அதைக் காப்பாற்றிக் கொடுத்தார். அந்தக் காலோடு அவர் மறுபடி டைன்காசிலில் ஆடினார். பின்னர் ரோஸ் தெருவில் மதுக்கடை வைத்தார். ஹாரி வாட்டியின் சகோதரியைத்தான் மணந்தார். நுரையீரல் விட்டுக்கொடுத்து 1933இல் போனார்.

1922 ஏப்ரலில் ஹேமார்க்கெட் கடிகாரத்தைத் திறந்தபோது 40,000 பேர் கூடினார்களாம். டைன்காசிலுக்கு ஆட்டம் பார்க்க வருகிற கூட்டத்தைவிடப் பெரிது. கான்டல்மேசனிலும் ஒரு நினைவுச் சின்னம் வைக்க வேண்டும் என்று போர் முடிந்ததுமே பேசினார்கள், பணம் சேரவில்லை. 2004இல்தான் ஸ்காட்லாந்துக் கற்களைக் கொண்டுபோய் அங்கே ஒரு கற்கூம்பு எழுப்பினார்கள். எண்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் அந்தக் கடனைத் தீர்க்க ஊரில் ஆள் இருந்தது.

நம்மூர் நடுகல்லில் வீரன் பெரும்பாலும் ஆயுதத்தோடுதான் நிற்பான். அதற்கு முந்தின நாள் வரை அவன் உழுதானா, பறை அடித்தானா, வேலியோரம் உட்கார்ந்து கதை சொல்வானா என்று அந்தக் கல்லில் இருக்காது. சாவதற்காகவே பிறந்தவன் மாதிரி நிற்பான். ஹேமார்க்கெட்டில் அந்த நவம்பர் காலையில் நானும் அப்படித்தான் பார்த்தேன், செத்த சிப்பாய்கள் என்று. அந்தப் பெரியவருக்கு அவர்கள் சிப்பாய்கள் ஆவதற்கு முன்னால் யாராக இருந்தார்கள் என்பது முக்கியம். வாட்டி ஒரு பாஸ் கொடுப்பான், கிரேசி அதை வலைக்குள் தள்ளுவான், கோர்கி முழுக்க அதிரும், அடுத்த சனிக்கிழமையும் அதிரும், ஏப்ரலில் லீக் வரும். அதுதான் அவர்கள் கையில் இருந்தது. வேறு எதைக் கொடுத்தார்கள் பட்டாளத்துக்கு? ஹார்ட்ஸ் மறுபடி லீக்கை வென்றது 1958இல். என் கணக்குப்படி அந்தப் பெரியவர் அப்போது சிறுவன். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போன யாரோ ஒருவர் 1915ஐ அவர் காதில் சொல்லியிருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் அதைத் தன் தகப்பனிடம் கேட்டிருக்க வேண்டும். சாவைப் பற்றிப் பேச அவர்களிடம் வார்த்தை இல்லாமல் இருந்திருக்கலாம். நான்கு புள்ளி இருந்தது.

இப்போது எடின்பரோவுக்கு நண்பர்கள் யாராவது வந்தால் கோட்டையைக் காட்டுவதற்கு முன்பே ஹேமார்க்கெட்டுக்குத்தான் கூட்டிப்போகிறேன். போன மாதம் ஊரிலிருந்து வந்த ஒரு தம்பி, கூண்டின் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டே, "மொத்தம் எத்தனை பேர்ணே செத்தாங்க?" என்று கேட்டான். இரு, சொல்றேன் என்றேன். 1914, ஆகஸ்ட் 15, சனிக்கிழமை, டைன்காசில், எதிர்த்து ஆடறது செல்டிக் என்று ஆரம்பித்தேன்.